குறுக்குக் கால் உதை

அந்தப் பந்து குழந்தைகள் வார்டிலிருந்து இறங்கி வந்த அழுக்குத் துணி மூட்டைக்குள் இருந்தது. மெஷினில் போடுவதற்கு முன் ஒவ்வொரு துணியையும் உதறிப் பார்ப்பது அந்த ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் கட்டாயம். தெர்மாமீட்டர், கரண்டி, மூக்குக் கண்ணாடி, ஒருமுறை மேல்வரிசைப் பல் செட் என்று என்னென்னவோ அகப்பட்டிருக்கின்றன. பந்து அகப்பட்டது அதுதான் முதல் தடவை. போர்வையை உதறியதும் கீழே விழுந்து, இரண்டு தடவை குதித்து, சோப்பு டிரம்முக்குப் பக்கத்தில் போய் நின்றது.

சலவைக்கூடத்துக்குப் பொறுப்பாக இருந்தவளுக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. பதினோரு வருடமாக அதே கீழ்த்தளம், அதே மூன்று சலவை மெஷின், இரண்டு டிரையர், பெட்ஷீட்டை ஒரு பக்கம் விழுங்கி மறுபக்கம் தகடு மாதிரித் துப்பும் இஸ்திரி ரோலர். சத்தத்தில் காது கேட்காது என்பதால் அங்கே வேலை செய்யும் பெண்கள் பாதிப் பேச்சைக் கையாலேயே பேசிக்கொள்வார்கள். அவளை எல்லோரும் அக்கா என்றார்கள். அவளைவிட மூத்த டாக்டர்கள்கூட, "அக்கா, தியேட்டருக்குப் பச்சைத் துணி இன்னும் வரலையே" என்றுதான் போனில் கேட்பார்கள்.

அக்கா வார்டுக்குப் போன் செய்து விசாரித்தாள். பந்துக்குச் சொந்தக்காரியான குழந்தை முந்தின நாளே குணமாகி வீட்டுக்குப் போய்விட்டதாம். நர்ஸ் அந்த வீட்டாரிடம் கேட்டுவிட்டு, அவர்கள் வேறு பந்து வாங்கியாயிற்று, இதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றாள். அக்கா அதை மருந்துத் தண்ணீரால் துடைத்து அலமாரி மேல் வைத்தாள். அதோடு மறந்தும் போனாள்.

அவள் கணவர் பஸ் டிரைவர். ஞாயிற்றுக்கிழமை அவருக்கு ஓய்வு. அன்றைக்கு டிவியில் ஃபுட்பால் பார்த்துக்கொண்டே வீட்டுத் துணி முழுவதையும் அவர்தான் மடிப்பார். ஆறு நாள் ஊர்த் துணியெல்லாம் மடிக்கிறேன், ஏழாவது நாள் ஒரு கைக்குட்டையைக்கூடத் தொடமாட்டேன் என்று அக்கா கல்யாணமான புதிதிலேயே சொல்லிவிட்டாள். அந்த ஞாயிற்றுக்கிழமையும் அவர் மடித்துக்கொண்டிருந்தார், அவள் காலை நீட்டி உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். திரையில் ஓர் ஆட்டக்காரன் பந்தோடு ஓரமாக ஓடிவந்தான். பந்து அவனுடைய இடது காலுக்கு இடப்பக்கம் உருண்டது. அவன் இடது காலை ஊன்றிக்கொண்டு, வலது காலை அதன் பின்னால் குறுக்கே வீசி, பந்தை உயரத் தூக்கி அடித்தான். ஒரு நொடி அவன் இரண்டு காலும் கயிறு முறுக்கின மாதிரி இருந்தன. கூட்டம் ஆர்ப்பரித்தது.

"இடது கால்தான் பந்து பக்கத்துல இருக்கே. அதாலயே அடிச்சிருக்கலாமே?" என்று கேட்டாள்.

"அடிச்சிருக்கலாம்."

"பின்ன ஏன் காலைப் பின்னிக்கிட்டு அடிக்கிறான்?"

"அதுக்கு ரபோனான்னு பேரு. அவனுக்கு அது வருது, அடிக்கிறான்" என்று சொல்லி அவர் தலையணை உறையை உதறினார்.

பதில் அவ்வளவுதான். அதற்கப்புறம் கோல் விழுந்ததா, யார் ஜெயித்தார்கள் என்பதெல்லாம் அவள் மனதில் நிற்கவில்லை. காலைப் பின்னிக்கொண்டு அடித்தவன் அடித்த பிறகு ஒரு சின்னத் தள்ளாட்டம் தள்ளாடி, தானே சிரித்துக்கொண்டது மட்டும் நின்றது.

டிரையர் ஒருதரம் ஓடி முடிக்க நாற்பது நிமிஷம் ஆகும். மத்தியானத்தில் அந்த நாற்பது நிமிஷம் அக்காவுக்குச் சொந்தம். மறுநாள் சாப்பாட்டை முடித்துக்கொண்டு, பந்தை அலமாரியிலிருந்து எடுத்து, சலவைக்கூடத்தின் பின்கதவைத் திறந்து வெளியே போனாள். அங்கே சிமென்ட் போட்ட சின்ன முற்றம். ஒரு பக்கம் நீராவி போகும் குழாய், ஒரு பக்கம் உடைந்த தள்ளுவண்டிகள், எதிரே ஜன்னலில்லாத சுவர். யாரும் எட்டிப் பார்க்காத இடம். பந்தை வைத்து, இடது காலை ஊன்றி, வலது காலைப் பின்னால் வீசினாள். கால் பந்தைத் தொடவே இல்லை. அவளுடைய இடது ஆடுசதையில்தான் நச்சென்று விழுந்தது. வலி உச்சந்தலைக்கு ஏறியது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அதற்கப்புறம் தினமும் போனாள். தன்னைத் தானே உதைத்துக்கொள்வது இரண்டு வாரத்தில் குறைந்தது. பிறகு பந்து கொஞ்சம் நகர்ந்தது. பந்துக்குப் பக்கத்தில் எவ்வளவு தள்ளிக் காலை ஊன்றுவது, முட்டியை எவ்வளவு மடக்குவது, உடம்பை எந்தப் பக்கம் சாய்ப்பது என்று ஒவ்வொரு நாளும் ஒன்றை மாற்றிப் பார்த்தாள். சில நாள் பந்து நொண்டிக்கொண்டு நாலடி போகும். சில நாள் தலைக்கு மேலே போய் நீராவிக் குழாயில் இடிக்கும். அவள் எந்த அணியிலும் சேரப் போவதில்லை. இளைக்க வேண்டும் என்றும் இல்லை. யாருக்கும் காட்டும் எண்ணம் சுத்தமாக இல்லை. வீட்டில்கூடச் சொல்லவில்லை. ஆடுசதையில் நீலம் பாரித்திருப்பதைப் பார்த்துக் கணவர் கேட்டபோது தள்ளுவண்டி இடித்துவிட்டது என்றாள். சொன்னால் இவர் ஏதாவது யோசனை சொல்ல ஆரம்பித்துவிடுவார் என்று பயம். பதினோரு வருடத்தில் அவளுக்கு யாருடைய யோசனையும் தேவைப்படாத வேலை இது ஒன்றுதான் அகப்பட்டிருந்தது.

ஏழாவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை அவள் விழுந்தாள். காலை வீசிய வேகத்தில் ஊன்றிய கால் வழுக்கிவிட்டது. இரண்டு காலும் பின்னிக்கிடக்கும்போது மனிதருக்குத் தாங்கிக்கொள்ள மூன்றாவது கால் கிடையாது. மல்லாக்க விழுந்தாள், இடது கையை ஊன்றினாள். மணிக்கட்டுக்குள் பென்சில் ஒடிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது.

எழுந்து, பந்தைக் காலாலேயே உள்ளே தள்ளி அலமாரிக்குக் கீழே ஒதுக்கிவிட்டு, கையைப் பிடித்துக்கொண்டு மாடியேறி அவசரப் பிரிவுக்குப் போனாள். அங்கே இருந்த டாக்டர் பெண்ணுக்குத் தன் வயதில் பாதிதான் இருக்கும் என்று தோன்றியது. எப்படி விழுந்தீங்க அக்கா என்று அவள் பேனாவைத் திறந்துகொண்டு கேட்டபோது, சுற்றிலும் தெரிந்த முகங்கள் நாலைந்து நின்றன. ஃபுட்பால் விளையாடி விழுந்தேன் என்று அவர்கள் முன்னால் சொல்லக் கூச்சமாக இருந்தது.

"கீழ வராந்தால தரை ஈரமா இருந்திச்சு. வழுக்கிட்டேன்" என்றாள்.

டாக்டர் அப்படியே எழுதிக்கொண்டாள். மாவுக்கட்டுப் போட்டார்கள், ஐந்து வாரம் இருக்கவேண்டும் என்றார்கள். வேலை செய்யுமிடத்தில் நடந்த விபத்து என்பதால் பத்து நாள் விடுப்பு, சம்பளத்தில் பிடித்தம் கிடையாது. ஒரு படிவத்தில் வலது கையால் கையெழுத்துப் போட்டாள்.

வீட்டிலும் அதையேதான் சொன்னாள். கணவர் அவளுக்குத் தலை வாரிவிட்டார், நன்றாக வரவில்லை. மேல்வீட்டில் குடியிருந்த நாத்தனார் தினமும் இறங்கி வந்து சமைத்துப் போட்டாள். வந்தபோதெல்லாம், ஈரத்தை அப்படியே விட்டுவிட்டுப் போனவனைச் சும்மா விடக்கூடாது அண்ணி, யாராவது வயசானவங்க விழுந்திருந்தா என்ன ஆகியிருக்கும் என்று பொரிந்து தள்ளினாள். அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கை வலிக்குதா அண்ணி என்று நாத்தனார் தலையணையைச் சரிசெய்தாள்.

பத்து நாள் கழித்து வேலைக்குப் போனாள். கீழ்த்தள வராந்தாவில், எப்போதும் ஒரு மஞ்சள் எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடத்தில் மூன்று இருந்தன. அவற்றுக்கு நடுவே, தரையைத் துடைக்கிற பெரியவர் முட்டிபோட்டு உட்கார்ந்து, காய்ந்த துணியால் ஒவ்வொரு கல்லாக ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தார்.

அவரைக் கப்பல் என்பார்கள். வாலிபத்தில் இருபது வருடம் கப்பலில் தளம் கழுவியவர். நடையில் இன்னமும் ஒரு ஆட்டம் உண்டு. தரை விஷயத்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. வாளியில் எத்தனை மூடி மருந்து, மாப்பை எத்தனை தடவை பிழிவது, எந்த மூலையிலிருந்து எந்த மூலைக்குத் துடைப்பது என்று எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு கணக்கு இருந்தது. அவர் துடைத்துவிட்டுப் போன தரையில் காலணித் தடம் பதிந்து யாரும் பார்த்ததில்லை. அக்கா அவரை அண்ணே என்பாள், அவர் அவளைத் தங்கச்சி என்பார்.

அவளைப் பார்த்ததும் சிரமப்பட்டு எழுந்தார். மாவுக்கட்டைப் பார்த்தார், பிறகு அவளுடைய காலடியைப் பார்த்தார்.

"மன்னிச்சிடு தங்கச்சி. எந்த இடத்துல ஈரம் விட்டேன்னு யோசிச்சு யோசிச்சுப் பாக்குறேன். பிடிபடவே மாட்டேங்குது."

அவருக்கு மெமோ கொடுத்திருக்கிறார்கள் என்று உள்ளே போனதும் இஸ்திரி ரோலரில் நின்ற பெண் சொன்னாள். இன்னொரு மெமோ வந்தால் வேலை போய்விடுமாம். அதைவிட, மேல்மாடி வார்டுகளை அவரிடமிருந்து எடுத்து வேறு ஆளிடம் கொடுத்துவிட்டார்கள். மனுஷர் வாயே திறக்கவில்லை, என் தப்புதான் இருக்கும் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார் என்றாள். அன்றைக்கு அக்கா பெட்ஷீட் எண்ணிக்கையை மூன்று தடவை தப்பாக எழுதினாள்.

சாயங்காலம் கணவர் வந்து சட்டையைக்கூடக் கழற்றவில்லை, அதற்குள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். பந்து, முற்றம், ஆடுசதை, பொய், கப்பல், மெமோ. அவர் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டார்.

"சிரிக்கணும்னா சிரிச்சிடுங்க" என்றாள்.

"சிரிப்பு வருது. ஆனா ஏழு வாரம் எங்கிட்டயே சொல்லலைங்கிறது அதைவிடப் பெரிசா இருக்கு." எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். பிறகு, "நாளைக்குக் காலைல முதல் வேலையா அந்த ஆபீஸர்கிட்ட போயிடு. நான் வேணும்னா கூட வரேன்" என்றார்.

"வேணாம். நானே போறேன்."

பாதுகாப்பு அதிகாரியின் அறை மூன்றாவது மாடியில். மேஜையில் கண்ணாடி, கண்ணாடிக்கடியில் காலண்டர், ஓரத்தில் வாடிப்போன ஒரு தொட்டிச் செடி. அவர் நல்ல மனிதர்தான். ஆனால் ஒரு ஃபைலை மூடிவிட்டால் அதைத் திறப்பது அவருக்குப் பல் பிடுங்குவது மாதிரி. அக்கா சொன்னதைக் கேட்டுவிட்டு, முடிந்துபோன விஷயம், இதோடு விட்டுவிடுங்கள் என்றார். திறந்தால் அவள் பொய்த்தகவல் கொடுத்ததாக எழுத வேண்டியிருக்கும், பத்து நாளும் அவளுடைய சொந்த விடுப்பில் கழியும், அவளுக்கும் மெமோ வரும் என்றார். எழுதுங்க சார் என்றாள்.

அவர் பெருமூச்சு விட்டு ஒரு புதுப் படிவம் எடுத்தார். விபத்தின்போது செய்துகொண்டிருந்த பணி என்ற கட்டத்தில் பேனா நின்றது.

"என்ன செஞ்சிட்டிருந்தீங்க?"

"ஃபுட்பால் சார்."

"யார்கூட?"

"தனியாத்தான்."

"போட்டி எதுக்காவது பயிற்சியா?"

"இல்ல சார். ஒரு உதை இருக்கு. அது வருதான்னு பாத்துக்கிட்டிருந்தேன்."

எப்படிப்பட்ட உதை என்று கேட்டார். வாயால் சொன்னாள், அவருக்குப் புரியவில்லை. அவர் நெற்றியைச் சுருக்கி எழுத முயல்வதைப் பார்த்துவிட்டு, அக்கா எழுந்து நாற்காலியைத் தள்ளிவைத்து, மாவுக்கட்டுக் கையை மார்போடு அணைத்துக்கொண்டு, இடது காலை ஊன்றி வலது காலைப் பின்னால் மெதுவாகக் குறுக்கே கொண்டுவந்து காட்டினாள். அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். மேஜைக்கு அடியில் அவருடைய கால்களும் லேசாக அசைந்த மாதிரி இருந்தது. கடைசியில் 'பந்தை உதைக்கும்போது' என்று மட்டும் எழுதினார். கப்பலின் மெமோவை அன்றைக்கே ரத்து செய்துவிடுவதாகச் சொன்னார், செய்தும்விட்டார்.

ஆனால் கப்பலிடம் அவளே சொல்ல வேண்டும். வாளியில் மாப்பைப் பிழிந்துகொண்டிருந்தவரிடம் நின்றபடியே சொன்னாள். முதலில் அவருக்கு ஒன்றும் ஏறவில்லை.

"அப்ப நான் ஈரம் விடலையா?"

"விடலைண்ணே."

"நிச்சயமா?"

"நான் வராந்தாலயே விழலைண்ணே. பின்னால முற்றத்துல விழுந்தேன். அசிங்கமா இருந்திச்சு, மாத்திச் சொல்லிட்டேன்."

அவர் முகத்தில் ஒரு பாரம் இறங்கியது தெரிந்தது. உடனேயே வேறொன்று ஏறியதும் தெரிந்தது. மாப்பை வாளிக்குள் வைத்தார்.

"பத்து நாளா என் கையை நானே நம்பலை மேடம்" என்று சொல்லிவிட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

அடி எங்கே விழ வேண்டுமோ அங்கே விழுந்தது. மறுநாளிலிருந்து அவர் அவளைக் கண்டால் தலையை மட்டும் அசைத்தார். மேல்மாடி வார்டுகள் அவருக்குத் திரும்பக் கிடைத்தன. மஞ்சள் பலகை மறுபடி ஒன்றானது. பேச்சு மட்டும் திரும்பவில்லை. விஷயம் ஆஸ்பத்திரி முழுவதும் பரவ அரைநாள்கூட ஆகவில்லை. கேண்டீன்காரர் அவளைக் கேப்டன் என்று கூப்பிட்டார். ஆபரேஷன் தியேட்டரிலிருந்து போன் செய்தவர்கள், பச்சைத் துணியை உதைத்தே அனுப்பிவிடுங்கள் அக்கா என்றார்கள். அவள் எல்லோரோடும் சேர்ந்து சிரித்தாள். அந்தக் கேலியெல்லாம் பாதகமில்லை. மேடம் என்ற ஒரு வார்த்தைதான் இரவும் பகலும் குத்தியது.

மாவுக்கட்டைப் பிரித்த பிறகும் அவள் பந்தைத் தொடவில்லை. இரண்டு வாரம் போயிற்று. ஒரு மத்தியானம் பின்கதவுக்கு வெளியே கரகரவென்று ஏதோ தேய்க்கும் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தாள். கப்பல் பேண்டை முட்டி வரை சுருட்டிவிட்டுக்கொண்டு, நீண்ட கைப்பிடி போட்ட கம்பி பிரஷ்ஷால் முற்றத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"விழுந்தது இங்கதானே?" என்று நிமிராமலே கேட்டார்.

"ஆமாண்ணே. எப்படித் தெரியும்?"

அவர் பிரஷ்ஷால் மேலே காட்டினார். நீராவிக் குழாயின் இணைப்பில் ஒரு துளி திரண்டு தொங்கியது. அது விழும் இடத்தில் சிமென்ட் பச்சை படர்ந்து கிடந்தது. இந்த முற்றம் யாருடைய பட்டியலிலும் இல்லை என்றார் கப்பல். துடைப்பவர்களுடையதில் இல்லை, தோட்டக்காரருடையதில் இல்லை, அதனால் பாசிக்கு நல்ல காலம்.

"நீ ஈரத்துலதான் வழுக்கி விழுந்திருக்கே தங்கச்சி. இடத்தைத்தான் மாத்திச் சொல்லிட்டே."

அவள் உள்ளே போய்க் காய்ந்த பழைய பெட்ஷீட் இரண்டை எடுத்துவந்து கொடுத்தாள். இருவரும் சேர்ந்து தரையைத் துடைத்தார்கள். அவர் ஒரு மூலையைக் காட்டி, அங்கே இன்னும் வழவழப்பு இருக்கிறது என்று அவளைத் திரும்பத் தேய்க்க வைத்தார். குழாய்க்கு அடியில் ஒரு பழைய வாளியை வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் அவள் பந்தை எடுத்தாள். முதலில் பயமாக இருந்தது. கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டால் சமநிலை போய்விடுகிறது, விரித்தால் விழுந்துவிடுவோமோ என்றிருக்கிறது. ஒரு வாரம் வெறுமனே காலை வீசிப் பார்த்தாள். அப்போதுதான் ஒன்று பிடிபட்டது. இத்தனை நாளும் தன் வலது கால் எங்கே வருகிறது என்றே குனிந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். கால் எங்கே வரும் என்று காலுக்குத் தெரியும், பந்தைப் பார்த்தால் போதும். இடது காலையும் இன்னும் அரைச்சாண் தள்ளி ஊன்ற வேண்டியிருந்தது.

அது நடந்தது ஒரு வியாழக்கிழமை. இரண்டடி ஓடிவந்து, இடது கால் ஊன்றி, பந்தின் அடிப்பக்கத்தை மட்டும் பார்த்தபடி வலது காலை வீசினாள். பாதத்தில் எதுவுமே பட்ட மாதிரி இல்லை. பந்து மட்டும் கிளம்பிப்போய் எதிர்ச் சுவரில் இடுப்பு உயரத்தில் 'தப்'பென்று அடித்து, நேராக அவளிடமே உருண்டு வந்தது. அவள் ஒரு தள்ளாட்டம் தள்ளாடி நின்றாள். சுற்றிலும் பார்த்தாள். உடைந்த தள்ளுவண்டிகளும் வாளியும்தான் இருந்தன. அக்கா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அதற்கப்புறம் பத்துக்கு நாலு சரியாக விழுந்தது, நல்ல நாளில் ஆறு. முற்றத்தைத் தேய்க்க வாரம் ஒருமுறை வரும் கப்பல், பிரஷ்ஷின் மேல் சாய்ந்து நின்று பார்ப்பார். சரியாக விழுந்தால் ம் என்பார். விழாவிட்டால் பேசாமல் வேலையைப் பார்ப்பார்.

மாதக் கடைசியில் ஒருநாள் கணவருக்கு மத்தியானத்தோடு ஷிப்ட் முடிந்தது. அவளை அழைத்துப்போகலாம் என்று காக்கிச் சட்டையோடே வந்தவரைப் பெண்கள் பின்பக்கம் கை காட்டி அனுப்பிவிட்டார்கள். அவர் கதவோரம் நின்றது அவளுக்குத் தெரியாது. ஒன்று அடித்தாள், சுவரில் பட்டு வந்தது. திரும்பியபோது அவர் நின்றிருந்தார்.

அவர் டிபன் பையைத் தள்ளுவண்டியில் மாட்டிவிட்டு, சுவருக்கு முன்னால் போய்க் காலை அகட்டி, கையை விரித்து நின்றார். அவள் சிரித்துக்கொண்டே அடித்தாள், பந்து எங்கோ போனது. இன்னொன்று அடித்தாள். அதுவும் போனது. மூன்றாவது அவருடைய இரண்டு காலுக்கும் நடுவே புகுந்து சுவரில் மோதியது. அவர் குனிந்து, தன் கால்களுக்கிடையே எட்டிப் பார்த்தார்.

"இன்னொரு தடவை" என்றார்.

"டிரையர் நின்னுடிச்சு. அப்படியே விட்டா ஷீட்டெல்லாம் சுருங்கிடும்."

"அஞ்சு நிமிஷம்மா."

"நீங்க வேணா அடிச்சுப் பாருங்க" என்று அவள் பந்தை அவரிடம் உருட்டிவிட்டு உள்ளே போனாள். சூடான ஷீட்டின் இரண்டு முனையை அவள் பிடிக்க, எதிரே நின்ற பெண் மறு இரண்டைப் பிடித்தாள். மூன்றாவது ஷீட்டை மடிக்கும்போது பின்கதவில் எதுவோ மோதியது. கூடவே அம்மா என்று அவர் முனகுவதும் கேட்டது. ஆடுசதை என்று அக்கா எதிரே நின்றவளுக்குக் கையால் காட்டினாள்.